ஆலிவரைப் பார்க்க வந்த இரண்டு வேன் ஜனம்

1. தட்டோடு வந்தவர்கள்

ஆலிவரைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கியபோது நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"யக்கா, கீழ ஒரே கூட்டமா நிக்கிறாக. தட்டு, பழம், வெத்தல பாக்கு எல்லாம் கொண்டாந்திருக்காக. ஆலிவருன்னு ஒருத்தரக் கேக்குறாக. அப்படி யாரும் இங்கன இல்லைன்னா நம்ப மாட்டேங்கிறாக."

அவர் சொன்னது பாதி சரி. எங்கள் ஆபீஸில் ஆலிவர் என்று யாரும் கிடையாது. ஆனால் அங்கே வேலை பார்த்த எல்லோருமே ஆலிவர்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தேனியில் ஒரு உரக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு வீடியோ கேம் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் கஸ்டமர் சப்போர்ட். விளையாடுகிறவர்கள் தங்கள் குறையை எழுதி அனுப்பினால் அது டிக்கெட். அவர்கள் கூடிப் பேசுவதற்காகக் கம்பெனி நடத்தும் இணையதளம் ஃபோரம். டிக்கெட்டுக்குப் பதில் எழுதுவதும் ஃபோரத்தில் யாரும் வம்பு செய்யாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் வேலை. பதிலின் அடியில் சொந்தப் பெயர் போகக்கூடாது, ஆலிவர் என்றுதான் போக வேண்டும். எல்லா ஷிஃப்டையும் ஆலிவரே பார்ப்பார். தீபாவளியன்றும் பார்ப்பார். நீங்கள் தூங்கவே மாட்டீர்களா என்று ஒரு ஜெர்மன்காரர் அக்கறையாக விசாரித்து எழுதியிருக்கிறார்.

பகல் ஷிஃப்டுக்கு நான் டீம் லீட். ஆகவே அந்த நேரத்து ஆலிவர், கையில் டப்பாவோடு நின்ற நான்தான். மூடியைப் போட்டு வைத்துவிட்டு, மேலே வரச் சொல்லுங்கள் என்றேன்.

2. பன்னீர் திராட்சை

அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சுருளிப்பட்டிப் பக்கம் செல்லப்பாண்டி என்று ஒரு திராட்சை விவசாயி. எங்கள் கம்பெனியின் விவசாய விளையாட்டை வாங்கி வைத்திருந்தார். அதில் டிராக்டர் ஓட்டி உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம். இரண்டு பேர் அவரவர் வீட்டில் இருந்தபடி ஒரே பண்ணையைச் சேர்ந்து பார்க்கவும் வழி உண்டு. பகலெல்லாம் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மறுபடியும் தோட்ட வேலை பார்க்கிற மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவருடைய அக்கவுண்டில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு, மீன் பிடிக்கிற விளையாட்டு என்று இன்னும் சில இருந்தன. எல்லாம் முறையாக விலை கொடுத்து வாங்கியவை.

ஒரு அப்டேட்டில் அந்த விளையாட்டுக்குள் திராட்சை வந்தது. கொடிகள் வேலி மாதிரி வரிசையாக நின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை காய்த்தன. செல்லப்பாண்டி ஃபோரத்தில் முதல் பதிவு போட்டார். திராட்சைக்குப் பந்தல் வேண்டும், எங்கள் பள்ளத்தாக்கில் பந்தலில்தான் விளைகிறது, கொடியை வெட்டிக் கவாத்து செய்துவிட்டால் மறுபடி காய்க்கும், வருஷம் ஒரு தடவை என்பது தப்பு என்று படத்தோடு எழுதியிருந்தார். மரியாதையான, அருமையான பதிவு.

அந்தப் பகுதியை வடிவமைத்த பையன் ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரன். நன்றி சொல்லி, எங்கள் நாட்டில் வேலியில்தான் விளைகிறது, வருஷம் ஒரு தடவைதான் என்று பதில் போட்டான். அதுவும் உண்மைதான். இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருந்ததால் சண்டை முடிகிற வழியே இல்லாமல் போயிற்று.

அதன்பிறகு செல்லப்பாண்டி விடவில்லை. சத்தம் வரவில்லை என்று ஒருவர் எழுதினால் அதன் கீழே திராட்சை. அப்டேட் போட்டதும் ஸ்கிரீன் கறுப்பாகிவிட்டது என்று இன்னொருவர் அழுதால், திராட்சையையே தப்பாக வைத்தவர்கள் வேறு எதைச் சரியாக வைப்பார்கள் என்று அதன் கீழே ஒரு கேள்வி. தினமும் காலையில் அந்தப் பையனின் பெயரைப் போட்டு, புதிதாக வெட்டிய ஒரு குலையின் படம். பக்கத்திலேயே அன்றைய செய்தித்தாளையும் வைத்து எடுத்திருப்பார், தேதிக்கு ஆதாரமாக. பையனின் பிறந்தநாளுக்கு எல்லோரும் வாழ்த்துச் சொன்ன இடத்தில் இவர் இரண்டு குலை போட்டார். கனவில் திராட்சை வருகிறது என்று அவன் தன் மேலதிகாரியிடம் சொன்னதாக எங்களுக்குத் தகவல் வந்தது.

ஆலிவர் மூன்று முறை எச்சரித்தார். ஆலிவர் நல்லவர், ஆனால் விவசாயம் தெரியாதவர் என்று பதில் வந்தது.

கடைசியில் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது: ரீவோக். ஃபோரத்திலிருந்து மட்டும் தூக்குவது இல்லை இது. அக்கவுண்டையே பூட்டுவது. அதை அழுத்தினால் அந்த ஆள் வாங்கிய விளையாட்டுகள் ஒன்றுகூடத் திறக்காது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திராட்சையைப் பற்றிப் பேசினால் பஸ் ஓட்டக்கூடாதா? மேனேஜர் ஜார்ஜ் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் குமுளிக்காரர், எதற்கும் பதறாதவர்.

"நமக்கு எந்தா அதுல? அவங்க கேம், அவங்க ரூல்" என்றார். "க்ளிக் பண்ணிட்டு அடுத்த டிக்கெட் எடுங்க."

க்ளிக் செய்தேன். உங்கள் அக்கவுண்ட் நிரந்தரமாக ரத்து செய்யப்பட்டது, இதை மறுபரிசீலனை செய்ய விரும்பினால் அப்பீல் அனுப்பலாம், இப்படிக்கு ஆலிவர்.

3. மன்னிப்புக் கேட்ட சொந்தக்காரர்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவர் தப்புச் செய்துவிட்டால் அவர் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. பங்காளிகளும் மாமன் மச்சான்களும் கூட்டமாகப் போவார்கள். அவர்கள் பேசுவார்கள், அவர்கள் கேட்பார்கள். தப்புச் செய்தவர் பின்னால் வாயைத் திறக்காமல் நிற்பார். அப்படிச் செய்தால் எதிராளிக்கு மரியாதை, இவருக்கும் மானம் போகாது. எங்கள் ஊரில் எத்தனையோ வரப்புத் தகராறு இப்படித் தீர்ந்திருக்கிறது.

அதையே அவர்கள் ஃபோரத்தில் செய்தார்கள். அப்பீல் அனுப்ப வேண்டியவர் பேசாமல் இருக்க, சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். ஃபோரத்தில் எழுத வேண்டுமென்றால் விளையாட்டை வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. வாங்கினார்கள். கம்ப்யூட்டரே இல்லாத வீட்டிலும் வாங்கினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து, எங்கள் மச்சான் தெரியாமல் பேசிவிட்டார், எங்கள் சித்தப்பாவைப் பெரிய மனது பண்ணி மன்னியுங்கள் என்று எழுதினார்கள். ஒருவர் கைகூப்பி நிற்கிற தன் படத்தைப் போட்டார். இன்னொருவர், இவன் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்று சான்று கொடுத்தார். எல்லா மன்னிப்பின் கடைசியிலும் ஒரு வரி தவறாமல் இருந்தது: ஆனாலும் திராட்சை விஷயத்தில் அவர் சொன்னது சரி.

எல்லோருக்கும் ஒரே கேபிள்காரரின் இன்டர்நெட் லைன். கம்பெனியின் மெஷினுக்கு இது என்னவாகத் தெரியும்? ஒரே இடத்திலிருந்து, புதிதாக முளைத்த அக்கவுண்டுகள், அந்தப் பையனைக் குறிவைத்து, ஒரே வாசகம். திட்டமிட்ட தாக்குதல் என்று பாதுகாப்புப் பிரிவு அறிவித்தது. தேனி மாவட்டத்தைச் சிவப்பில் தீட்டி ஒரு வரைபடம் அனுப்பி, அத்தனை பேரையும் ரீவோக் செய்யச் சொன்னார்கள். செய்தோம்.

அதே வாரம் விற்பனைப் பிரிவிலிருந்து இன்னொரு வரைபடம் வந்தது. அதில் தேனி மாவட்டம் பச்சை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத வளர்ச்சி என்று பாராட்டி, இதன் காரணம் குறித்து ஆலிவரின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். பொங்கலுக்குத் தமிழில் விளம்பரம் செய்யலாமா என்றும் ஒரு கேள்வி. நான் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜார்ஜ் சாரிடம் காட்டினேன். இரண்டு பேருக்கும் 'நோட்டட்' என்று பதில் போடச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

4. குத்தகை நியாயம்

ஃபோரத்தில் வழி அடைபட்டுப்போனதால்தான் அவர்கள் வேன் பிடித்து நேரில் வந்தார்கள். ஆலிவர் தேனியில் இருக்கிறார் என்ற கம்பெனி ரகசியம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று விசாரித்தேன். எங்களுக்கும் அதே கேபிள்காரர்தான் லைன் கொடுத்திருக்கிறார்.

உள்ளே வந்து, பதில் எழுதும் ஏஜெண்டுகளின் நாற்காலிகளில் எல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். செல்லப்பாண்டி மட்டும் வழக்கப்படி பின்னால் சுவரோரம் நின்றார். மெலிந்த மனிதர், யாரையும் பார்க்கவில்லை. நான்தான் ஆலிவர் என்று சொன்னதும் கூட்டத்துக்குக் கொஞ்சம் சப்பென்று போய்விட்டது. ஒரு வெள்ளைக்காரரை எதிர்பார்த்து வந்திருக்கிறார்கள். ஆனால் அது நீடிக்கவில்லை. எந்த ஊர், யார் மகள், யார் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாய் என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் செல்லப்பாண்டி எனக்குச் சின்ன மாமனார் முறை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நான் என் மாமனாரின் விளையாட்டைப் பூட்டியவள் ஆகிவிட்டேன்.

பேசியவர் செல்லப்பாண்டியின் மச்சினர் சின்னக்காளை. மொத்தக் கூட்டத்துக்கும் அவர் ஒருவர்தான் வாய்.

"கடையில ஒரு சாமான் வாங்குறோம். வாங்கிட்டுக் கடைக்காரர நாலு வார்த்த ஏசுறோம். அவரு அடுத்து நம்மள உள்ள விடலேன்னா சரி, அது அவரு கடை. ஆனா வீட்டுக்கு வந்து வாங்குன சாமானத் தூக்கிட்டுப் போவாகளா?"

ஜார்ஜ் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு லைசன்ஸ் பற்றி விளக்கினார். யாரும் விளையாட்டைச் சொந்தமாக வாங்குவதில்லை, விளையாடும் அனுமதியைத்தான் வாங்குகிறார்கள், கம்பெனி நினைத்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் அதை இங்கிலீஷில் சொன்னபோது நியாயமாகத்தான் இருந்தது. நான் தமிழில் திருப்பிச் சொன்னதும் எனக்கே கூச்சமாகிவிட்டது.

சின்னக்காளை கொஞ்சம் யோசித்தார். "அப்ப குத்தகைன்னு சொல்லுங்க."

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

"குத்தகைக்காரன எறக்குறதுக்கும் ஒரு மொறை இருக்குல்ல? வெள்ளாமைய எடுக்க விட்டுட்டுத்தான எறக்கணும்? எங்க மச்சான் பண்ணையில, அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள, குலை தொங்கிட்டு நிக்கிது. வெட்டுற நேரத்துல எறக்கிவிட்டுட்டீக."

ஜார்ஜ் சாரின் அப்பா குத்தகைக்கு ஏலக்காய்த் தோட்டம் பார்த்தவர். அவருக்கு இந்த வாதம் நன்றாகவே புரிந்துவிட்டது. கம்பெனி விதிகளில் அறுவடை பற்றி ஒன்றும் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அப்பீல் என்று ஒன்று இருக்கிறது, அதை அக்கவுண்டுக்காரரே எழுத வேண்டும், செய்தது தப்பு, இனிச் செய்ய மாட்டேன் என்று எழுதினால் நான் மேலே அனுப்புகிறேன் என்றேன். எல்லோரும் திரும்பிச் சுவரோரம் பார்த்தார்கள். செல்லப்பாண்டி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். தப்பாகச் சொன்னது அந்தப் பையன், நான் ஏன் எழுத வேண்டும் என்பது அவர் நிலை. அத்தனை பேரின் மன்னிப்பும் அந்த ஒரு தலையாட்டலில் வீணாகிப்போனது.

கூட்டம் படியிறங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி முத்துலட்சுமி அத்தை பின்தங்கினார். தண்ணீர் கேன் இருக்கும் மூலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"அவுகளுக்கு வெளையாட்டெல்லாம் ஒண்ணும் இல்ல ஆத்தா. பெங்களூருல எங்க மகன் அரவிந்தன் இருக்கான். சொந்தக்காரக வாட்ஸ்அப் குரூப்புல இவுக ஒரு சேதி போட்டாக, பந்தக்காலுல செம்புக்கம்பி சுத்துனா சாம்பல் நோய் வராதுன்னு. அவன் அத்தன பேரு முன்னாடியும் இது பொய்யின்னு போட்டுட்டான். பெத்த அப்பனச் சபையில பொய்யன்னு சொன்னவன் வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னு சொல்லி, குரூப்புலருந்தும் எடுத்துவிட்டாக. ரெண்டு வருசமாச்சு, ஒரு பேச்சு வார்த்த கெடையாது. அந்த டிராக்டரு ஒண்ணுதான். இவுக பாதி உழுதுட்டுப் படுத்தா, காலையில மீதிய அவன் உழுது வச்சிருப்பான். அதப் பாத்துட்டுத்தான் இவுக காப்பி குடிப்பாக."

எதற்காக ஒரு விவசாயி சாயங்காலம் மறுபடி விவசாயம் பார்க்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அடித்த ஒரு க்ளிக் எதன்மேல் விழுந்தது என்பதும் புரிந்தது.

5. ஒரு பக் ரிப்போர்ட்

அடுத்த வாரம் ஒரு டிக்கெட் வந்தது. விளையாட்டில் கோளாறு என்று புகார் செய்யும் பக் ரிப்போர்ட். விவசாய விளையாட்டு, பெங்களூரு, அரவிந்தன்.

என்னோடு ஒரே பண்ணையைப் பார்க்கும் இன்னொருவரின் டிராக்டர் வயலின் நடுவில் பல நாளாக அசையாமல் நிற்கிறது, இது சாஃப்ட்வேர் கோளாறா என்று கேட்டிருந்தான். படம் இணைத்திருந்தான். உழுத வரிசை பாதியில் நின்றுபோய், அதன் முனையில் ஒரு சிவப்பு டிராக்டர். அடுத்து எழுதியிருந்ததை நான் இரண்டு தடவை படித்தேன். அந்த அக்கவுண்டில் கடைசியாக எப்போது உள்ளே வந்தார்கள் என்று உங்களால் பார்க்க முடியுமா, அவருக்கு அறுபது வயதாகிறது, இதற்கு முன் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று ஊரில் யாருக்கும் போன் போட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை. அதனால் கஸ்டமர் சப்போர்ட்டில் கேட்கிறான். எனக்கு அழுகையும் வந்தது, இரண்டு பேரையும் நிற்க வைத்து அறைய வேண்டும் போலவும் இருந்தது.

எங்கள் தொழிலில் மீறவே கூடாத விதி ஒன்று உண்டு. ஒரு கஸ்டமரைப் பற்றி இன்னொரு கஸ்டமரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. பெற்ற மகனாக இருந்தாலும் சொல்லக்கூடாது. சொன்னால் வேலை போய்விடும், அதற்கு அப்பீலும் கிடையாது. இந்த மாதிரிக் கேள்விக்கென்றே முன்கூட்டி எழுதிவைத்த ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது. பொறுமைக்கு நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று நீட்டி முழக்கிவிட்டு, கடைசியில் ஒரு வரி வரும். அந்த வரியை நாங்கள் வழக்கமாக எடுத்துவிடுவோம். அதைப் படித்தால் கஸ்டமர்கள் கொதித்துப்போவார்கள், அது முடிந்தால் உன்னிடம் ஏன் கேட்கிறேன் என்பார்கள்.

அன்றைக்கு நான் மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பினேன்: இன்னொருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள, தயவுசெய்து அவரையே நேரடியாகத் தொடர்புகொள்ளவும். இப்படிக்கு ஆலிவர்.

6. மாமா தனியாக வந்தது

கொஞ்ச நாளில் பாதுகாப்புப் பிரிவை விற்பனைப் பிரிவு ஜெயித்துவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோருடைய அக்கவுண்டையும் திறந்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. செல்லப்பாண்டிக்கு மட்டும் கிடையாது, வம்பை ஆரம்பித்த அவர் அப்பீல் எழுதவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் விளையாடத் தெரியாத எல்லோரிடமும் அந்த விளையாட்டு இருந்தது, தெரிந்த ஒருவரிடம் இல்லை.

அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே பஸ் பிடித்து வந்தார். வேன் இல்லை, தட்டு இல்லை, மச்சினரும் இல்லை. உட்காரச் சொன்னேன். அப்பீல் எழுதுங்கள் மாமா, இரண்டு வரி போதும், இப்போது மேலே நல்ல மனநிலையில் இருக்கிறார்கள் என்றேன்.

"வேணாம் ஆத்தா" என்றார். அன்று கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவர், அதன்பிறகு நிறுத்தாமல் பேசினார்.

"மகன் போன் பண்ணான். ஒடம்புக்கு என்னன்னுதான் மொதல்ல கேட்டான். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, வெளையாட்டப் புடுங்கிட்டாகன்னு சொன்னேன். நாலு பேரு கூடியிருக்க எடத்துல தப்பத் தப்புன்னு சொன்னேன்டா, அதுக்காக எனக்குப் பாத்தியப்பட்டத வாசல்லயே பூட்டி வெளிய நிறுத்திட்டாகடா, இது எந்த ஊரு நியாயம்னு கேட்டேன். அவன் ஒண்ணுமே சொல்லல. ஏலே, சொல்லுடான்னேன். அப்பவும் சொல்லல. பேசாம இருந்தான். அப்புறந்தான் எனக்கே ஒறச்சுச்சு."

மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினார்.

"குரூப்புல சேத்துட்டேன். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்தான், ஊருலதான் இருக்கான். சேத்த அன்னைக்கே செம்புக்கம்பி பொய்யின்னு திருப்பிப் போட்டான். போட்டுட்டுப் போறான்" என்றார். எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நின்றார். "உங்க கம்பெனிக்காரக என்ன வெளிய தள்ளுனாலும், அப்பீலு பண்ணலாம்னு கீழ ஒரு வரி போட்டிருந்தாக. நான் பெத்த பிள்ளைக்கு அந்த ஒரு வரியக்கூடப் போடல ஆத்தா."

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு டிரெய்னிங் எடுக்கும்போது நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: ஒருவரை வெளியேற்றிக் கடிதம் எழுதும்போது, அப்பீல் வரியை முதலில் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு எழுதலாம்.